எதிர் ஸ்டூல்

கஸ்பாரைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்து, துட்டிக்கு வந்தவர்களுக்கெல்லாம் கருப்பட்டிக் காப்பி கொடுத்தனுப்பிய மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு, மணியாங்கரை புனித பேதுரு மன்றத்தின் கதவைத் திறந்த சூசை மச்சாது, உள்ளே கேரம் போர்டின் தெற்குப் பக்கத்து ஸ்டூலில் கஸ்பார் உட்கார்ந்திருப்பதைக் கண்டார். சட்டைக் காலரில் கொஞ்சம் ஈர மணல் இருந்தது. மற்றபடி முந்தாநாள் அதே ஸ்டூலில் செத்துப்போனபோது எப்படி இருந்தாரோ அப்படியேதான், இடது கையைச் சட்டத்தில் ஊன்றி, வலது கை நடுவிரலைக் கட்டைவிரலோடு மடக்கி ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் வைத்து, குறி பார்த்துக்கொண்டிருந்தார். மச்சாது செருப்பை வாசலில் கழற்றிப் போட்டார்.

"இன்னுமா அடிக்கல?" என்று கேட்டார்.

சரி, இருட்டில் குறி பார்த்தால் கண் வலிக்குமே என்று போர்டுக்கு மேலே தொங்கிய பல்பைப் போட்டுவிட்டு, கஸ்பாரின் வீட்டுக்குத் தகவல் சொல்லப் போனார்.

ஊர் திரண்டு வந்து பார்த்தது. யாரும் அலறவில்லை, மயங்கி விழவில்லை. ஏனென்றால் கஸ்பார் குறி பார்க்க ஆரம்பித்தால், பஸ் ஸ்டாண்டு வரை நடந்துபோய் டீ குடித்து, கிடந்த பேப்பரில் பாதியைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தாலும் அவர் அடித்திருக்க மாட்டார் என்பது மணியாங்கரையில் பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். லாஞ்சு எஞ்சினைக் காது வைத்துக் கேட்டே கோளாறு சொல்கிற மெக்கானிக், எந்த எஞ்சினையும் ஒரு நிமிடத்தில் கழற்றிப் போடுகிறவர், கேரம் போர்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் மட்டும் வருடத்துக்கு வருடம் மெதுவாகிக்கொண்டே போனார். "உயிரோட இருக்கப்பவே அரை மணிநேரம் எடுப்பான், செத்த பெறகு அவனுக்கு என்ன அவசரம்?" என்றார் ஐஸ் பேக்டரி தொபியாஸ். அவர்தான் அன்றைய ஆட்டத்தில் கஸ்பாருக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்த எதிராளி. சொல்லிவிட்டு, ஆட்டம் முடியவில்லை என்பதால், தன் ஸ்டூலிலேயே போய் உட்கார்ந்தும்கொண்டார்.

போர்டில் கறுப்பு இரண்டு கிடந்தது. வெள்ளை ஒன்றே ஒன்று, தென்மேற்குக் குழியின் வாயில், ஊதினால் விழுந்துவிடுவதுபோல நின்றது. ரெட், கஸ்பாரின் கோட்டுக்குப் பின்னால், தெற்குச் சட்டத்தை ஒட்டிக் கிடந்தது. தன் கோட்டுக்குப் பின்னால் கிடக்கும் காயை நேராக அடிக்க முடியாது. எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பி வருகிற அடியில்தான் தொட முடியும், அதுவும் பத்துக்கு ஒன்று. ஆனால் எதிரே வடக்கு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் கூட்டாளிக்கு அது பச்சைப்பிள்ளைகூடப் போடுகிற காய். முதலில் ரெட், பிறகு அந்த வெள்ளை, போர்டு முடிந்தது. ரெட் கிடக்கும்போதே கடைசி வெள்ளையைத் தவறிப் போட்டுவிட்டால் போர்டு போச்சு. இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். யோசிக்காமல் விட்டது ஒன்றுதான், வடக்கு ஸ்டூலில் ஆள் இல்லை.

பத்தொன்பது வருடமாக அதில் ஆள் கிடையாது. நாலு பேர் ஆட்டத்தில் கஸ்பார் இரண்டு பேராக ஆடுவார். தன் முறை முடிந்ததும், வலப்பக்கத்து எதிராளி அடித்த பிறகு, எழுந்து போர்டைச் சுற்றிக்கொண்டு போய் வடக்கு ஸ்டூலில் உட்கார்ந்து கூட்டாளியின் அடியையும் அவரே அடித்துவிட்டு, மறுபடி சுற்றி வந்து தெற்கில் உட்காருவார். வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள், உள்ளூர்க்காரர்களுக்குப் பழகிவிட்டது. இப்போது செத்துப்போன மனுசனால் எழுந்து சுற்றி வர முடியவில்லை. அதனால் இப்படி இருக்கிறது என்று யாருக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தப்பாக அடித்துவிடுவோமோ என்று பயந்து செத்தவன், பயந்தபடியே வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று ஊர் முடிவு செய்தது.

வடக்கு ஸ்டூல் ஏன் காலியாயிற்று என்பது அமலோற்பவத்துக்குத் தெரியும். அது அவளுடைய ஸ்டூல்.

மாதா திருவிழாவில் அந்தக் காலத்தில் தம்பதியர் கேரம் போட்டி உண்டு. கஸ்பாரும் அமலோற்பவமும் கல்யாணமான வருடத்திலிருந்து நாலு தடவை வென்றிருந்தார்கள். ஐந்தாம் தடவை, இறுதி ஆட்டத்தில், மன்றமே நிரம்பி ஜன்னல் கம்பியெல்லாம் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தபோது, கூட்டம் கத்திய கத்தலில், தென்மேற்குக் குழியின் வாயில் மின்னிக்கொண்டிருந்த கடைசி வெள்ளையை அவள் பார்த்தாள், ரெட்டைப் பார்க்கவில்லை. அடித்தாள். விழுந்தது. கைதட்டப் போன கைகள் பாதியில் நின்றன. யாரோ ஒருத்தி "ஐயோ" என்றாள். கஸ்பார் போர்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "பரவாயில்ல" என்றார். வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு தரம் "பரவாயில்ல" என்றார். படுக்கும்போது, அவள் எதுவும் கேட்காமலேயே, இன்னொரு தரம் சொன்னார். ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். அந்த மூன்று "பரவாயில்ல"யும் மூன்று காய்களைப் போல அவளுக்குள் விழுந்து, எந்த வலையிலும் தங்காமல், கீழே கீழே போய்க்கொண்டே இருந்தன. மறு வாரம் அவர் மன்றத்துக்குக் கிளம்பியபோது, "நான் வரல, நீங்க போங்க" என்றாள். பிறகு ஸ்ட்ரைக்கரைத் தொட்டதேயில்லை.

அது கேரத்தோடு நிற்கவில்லை. கேஸை அணைத்துவிட்டு வந்து படுத்தவள் எழுந்துபோய்ப் பார்ப்பாள், திரும்பி வந்து மறுபடி போவாள். மீன்காரியிடம் இந்த மீனா அந்த மீனா என்று சொல்லத் தெரியாமல் மகள் ஜெசிந்தாவைக் கூப்பிடுவாள். பேங்க் பாரத்தில் கையெழுத்துப் போடுமுன் தன் பேரை மனதுக்குள் எழுத்துக் கூட்டுவாள். வடக்கு ஸ்டூலில் கஸ்பார் வேறு யாரையும் உட்கார விடுவதில்லை என்று ஊரார் சொல்லிக் கேட்டபோதெல்லாம், தன் தப்பை ஊர் மறந்துவிடாமல் இருக்க இந்த மனுசன் ஒரு காலி ஸ்டூலை நட்டு வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வாள்.

அதனால்தான், ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகும் அவள் மன்றத்துக்குப் போகவில்லை. தினம் மூன்றே முக்காலுக்கு ஒரு தூக்குவாளியில் டீ போட்டு மச்சாதிடம் கொடுத்தனுப்பினாள். மச்சாது அதைக் கஸ்பாரின் இடது கைப்பக்கம் வைப்பார், டீ ஆறி ஆடை படியும், ஆறு மணிக்கு மச்சாது குடித்துவிட்டுத் தூக்கைக் கழுவிக் கொண்டுவந்து தருவார்.

"எப்படி இருக்காவ?" என்று கேட்பாள்.

"அப்படியேதான் இருக்கான் மைனி. இன்னைக்கு பவுடர் தூவிவிட்டேன்."

ஊர் அவரைத் தன் நாட்களுக்குள் வைத்துத் தைத்துக்கொண்டது. காலையில் மன்றத்தைக் கூட்டுகிற பொம்பளை அவர் காலடியிலும் கூட்டினாள், தினம் ஒரு கைப்பிடி கல்லறை மணல் சேர்ந்தது. பேன் காற்று அவர் தலைமுடியை அசைக்கவில்லை, ஆனாலும் வெக்கையாக இருக்குமே என்று பேனை அணைக்கவில்லை. காய்களை எடுத்து டப்பாவில் போட்டு ஆட்டத்தைக் கலைக்கப் பார்த்தார்கள், காய்கள் போர்டில் முளைத்தவைபோல் பெயர மறுத்தன. மச்சாது அவர் முழங்கையை லேசாகத் தட்டிப் பார்த்தார், நங்கூரத்தைத் தட்டியதுபோல் இருந்தது. பங்குச்சாமி ததேயு, முப்பதாம் நாள் பூசைக்கு இறந்தவரையே அழைக்கலாமா கூடாதா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார், பதில் வராததால் பொதுவாக ஒரு ஜெபம் சொல்லி, மன்றத்தின் வாசல்வரை வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். கஸ்பாரின் முகத்தில் ஒரு துளி பட்டது. அது உலரவில்லை.

சிலர் வடக்கு ஸ்டூலில் உட்கார்ந்தும் பார்த்தார்கள். "விட்டுக்கொடு மக்கா, நான் போட்டுருதேன்" என்றார் மச்சாது. கஸ்பாரின் கண்கள் மச்சாதின் கழுத்துக்குக் கீழே, இரண்டாவது சட்டைப் பொத்தானில் நின்றன. தொபியாஸின் தம்பி உட்கார்ந்தான், அவனுக்கு நெஞ்சில் நின்றன. கால் மணிநேரம் அந்தப் பார்வையின் கீழ் இருந்தவர்கள் எழுந்தபோது, அவர்களுடைய கையில் ஏதோ ஒன்று கூடவே எழுந்து வந்தது.

முதலில் கண்டது முடிவெட்டுகிற அருளப்பனிடம். மதியம் மன்றத்தில் போய் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, வாத்தியார் ஒருவருக்கு முகச்சவரம் செய்ய ஆரம்பித்தவர், ஒரு கன்னத்தை முடித்து, மறு கன்னத்தின் காதோரம் கத்தியை வைத்தார், கை நின்றுவிட்டது. இறங்கவும் இல்லை, விலகவும் இல்லை. "ஒரு நூல் பெசகுனா என்ன ஆவும்?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே நின்றார். வாத்தியார் பாதி தாடியோடு மூன்று நாள் பள்ளிக்கூடம் போனார். அடுத்து டீக்கடை. மாஸ்டர் டம்ளரைத் தலைக்கு மேல் தூக்கினார், டீ பாதி வழியில் ஒரு பழுப்புக் கயிறுபோல நின்றது, மேலேயிருந்து கீழே வருவதா வேண்டாமா என்று அதுவும் யோசித்தது. வீடுகளில் குழம்புச் சட்டிக்கு மேல் உப்புப் பிடித்த விரல்கள் பிரியாமல் நின்றன. சுக்கான் பிடித்தவர்கள் தெற்கா கிழக்கா என்று தெரியாமல் நங்கூரம் போட்டபடியே எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டிருந்தார்கள். ததேயு சாமி பிரசங்கத்தில் "ஆகவே, அன்புக்குரியவர்களே" என்றவர், அதற்கு மேல் எது சொன்னாலும் தப்பாகிவிடும் என்று கண்டு, கையைத் தூக்கியபடி நின்றார். கோயில் எழுந்து நிற்பதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் பாதி முழங்காலில் இருந்தது.

அதற்கு ஊர் ஒரு பேரும் வைத்தது. "எனக்கும் கஸ்பார் கை வந்துட்டு" என்று ஜலதோஷம் பிடித்ததைப்போல் சொல்லிக்கொண்டார்கள். அதற்குப் பக்குவமும் கண்டார்கள். வேலை செய்கிறவன் பக்கத்தில் ஒருத்தன் நின்று, கை நின்றதும் முழங்கையைத் தட்டிவிட வேண்டும். உப்புப் போட இரண்டு பேர், சுக்கானுக்கு இரண்டு பேர், கையெழுத்துக்கு இரண்டு பேர். புருசன் முழங்கையைப் பெண்டாட்டியும் பெண்டாட்டி முழங்கையைப் புருசனும் தட்டிவிட்டுக்கொண்டு ஊர் எப்படியோ நகர்ந்தது. ஆனால் கத்தியைப் பிடித்த கையைத் தட்டிவிட அருளப்பன் விடவில்லை. நாளாக நாளாகத் தட்டிவிட வேண்டியவனின் கையும் தட்டுமுன் நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி அப்படியே இருந்தார்கள். தெருக்களில் சத்தம் குறைந்தது. சாயங்கால வெயிலில், மன்றத்தின் அந்த ஒற்றை பல்பு ரீங்கரிப்பது கடற்கரை வரை கேட்டது. ஊரில் இருந்தவர்களில் யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தூரத்திலிருந்து பார்த்தால் பிரித்துச் சொல்ல முடியாதபடி ஆனது.

முப்பத்தைந்தாம் நாள் புதன்கிழமை. பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுகிற நாள். கிராம நர்ஸாக இருந்த ஜெசிந்தா, காலையில் தோளில் மருந்துப் பெட்டியை மாட்டிக்கொண்டு அங்கன்வாடிக்குப் போனவள், மூன்று மணிக்குப் பெட்டி நிறைய மருந்தோடு வீட்டுக்கு வந்தாள்.

"என்னளா, பிள்ளையள் வரல்லியா?"

"முப்பத்திரெண்டு பிள்ளை வந்துச்சும்மா." ஜெசிந்தா தண்ணீர்ப் பானையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "கை இறங்க மாட்டேங்குது. மருந்தை எடுத்தாச்சு, தொடையைத் தொடச்சாச்சு, ஊசி தோலுக்கு மேல இந்தா இம்புட்டுதான் இருக்கு. அங்கயே நிக்கு. பிள்ளை என்னையே பாக்குது. ஊசி போடுற கையை யாரும்மா தட்டிவிட முடியும்?"

"நீ அப்பாவைப் பாக்கப் போனியா?"

"நேத்து போனேன். எங்க அப்பாதானேம்மா, நான் பாக்கப்படாதா?" என்றாள், பிறகு அழுதாள். "அடுத்த புதனும் இப்படி இருந்தா வேலைக்கு வரவேண்டாம்னு நானே எழுதிக்கொடுத்துருவேன். இந்தக் கையை வச்சுக்கிட்டு ஒரு பச்சப்பிள்ளையைத் தொடப்படாது."

அமலோற்பவம் மகளின் வலது கையை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தாள். நடுவிரல் கட்டைவிரலில் மடங்கியிருந்தது. நிமிர்த்திவிட்டாள், மறுபடி மடங்கியது. இருபத்திரண்டு வயதுக் கை. தன்னுடைய பத்தொன்பது வருடம் அந்த விரலுக்குள் சுருண்டு படுத்திருப்பதை அவள் கண்டாள். இவளுக்கும் ஒரு பத்தொன்பது வருடம் வேண்டுமா என்று நினைத்தபோது, அடுப்பில் டீக்கு வைத்த தண்ணீர் கொதித்தது. தூக்கை எடுத்தாள். மச்சாது வாசலில் நின்றார்.

"குடுங்க மைனி."

"இன்னைக்கு நானே கொண்டுபோறேன்" என்றாள்.

மச்சாது அவள் காலைப் பார்த்தார். "செருப்பு மாத்திப் போட்டிருக்கிய" என்றார்.

குனிந்து பார்த்தாள். வலதும் இடதும் மாறியிருந்தது. "இருக்கட்டும்" என்று நடந்தாள்.

அவள் போகிறாள் என்று தெரு பார்த்தது. சட்டிக்கு மேல் உப்போடு நின்றவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். மன்றத்துக்குள் தொபியாஸ் தன் ஸ்டூலில் இருந்தார், மச்சாது போய்க் கஸ்பாரின் இடப்பக்கத்துத் தன் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஜெசிந்தா மருந்துப் பெட்டியைத் தோளிலிருந்து இறக்காமல் வாசலில் நின்றாள். வடக்கு ஸ்டூல் காலியாக இருந்தது. அதன் பலகை மட்டும், யாரோ பத்தொன்பது வருடமாகத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்ததுபோல, மற்ற மூன்றையும்விட மினுமினுவென்று இருந்தது. அமலோற்பவம் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு, அதில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்து நிமிர்ந்தபோது அவர் கண்கள் நேராக அவள் கண்களில் இருந்தன.

அவர் தலையை அசைக்கவில்லை, பார்வையை உயர்த்தவில்லை. மச்சாதின் பொத்தானிலும் தொபியாஸ் தம்பியின் நெஞ்சிலும் நின்ற அதே பார்வை, அதே இடத்தில்தான் நின்றது. அது அவளுடைய உயரத்துக்கு வைத்த பார்வை. ரெட்டையும் பார்க்கவில்லை, எதிர்ச் சட்டத்தையும் பார்க்கவில்லை, இந்த முப்பத்தைந்து நாளும், அதற்கு முன்னால் ஒவ்வொரு சாயங்காலமும் அந்த அரை அரை மணிநேரமும், இந்த மனுசன் குறி பார்த்துக்கொண்டிருக்கவேயில்லை. ஆள் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அமலோற்பவம் முழங்கைகளைச் சட்டத்தில் ஊன்றினாள்.

"இஞ்சேருங்க" என்றாள். "இந்த ஸ்டூலை என்னையக் குத்திக்காட்டத்தான் போட்டு வச்சிருக்கியன்னு நெனச்சேன். வாயைத் தொறந்து 'வா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிருவிய?"

உலராத அந்தத் தீர்த்தத் துளி கன்னத்தில் கொஞ்சம் நகர்ந்தது.

"சரி, நானும் கேக்கல, நீங்களும் சொல்லல. இப்ப கேட்டுக்கிடுங்க. நீங்க விட்டுக்கொடுங்க, நான் அடிக்கேன். தப்பாத்தான் அடிப்பேன், பத்தொம்பது வருசம் ஆச்சு, கை என்ன சொல்லும்னு எனக்கே தெரியாது. அப்படி அடிச்சேன்னா, 'பரவாயில்ல'ன்னு மட்டும் ஒரு வார்த்தை வரப்படாது. வந்துச்சு, இப்படியே எந்திரிச்சுப் போயிருவேன். நீங்க கெயாமத்து நாள் வரைக்கும் இங்கயே இருந்து குறி பாருங்க."

"கெயாமத்து சாயபுமாரு பேச்சுல்லா மைனி, நமக்குத் தீர்வை நாளு" என்று மச்சாது முணுமுணுத்தார்.

"நீங்க சும்மா இரிங்க."

கஸ்பாரின் விரல் விடுபட்டது.

ஸ்ட்ரைக்கர் ஓடிப்போய் அவள் பக்கத்துச் சட்டத்தில் மோதி, திரும்பி, ஒரு காயையும் தொடாமல், நடு வட்டத்தில் வந்து நின்றது. முப்பத்தைந்து நாளில் அந்தப் போர்டிலிருந்து மணியாங்கரை கேட்ட முதல் சத்தம். தொபியாஸ் ஸ்ட்ரைக்கரை எடுத்தார். கை நின்றது. மச்சாது எட்டி அவர் முழங்கையைத் தட்டினார். கறுப்பு நகர்ந்து வேறெங்கோ போய் நின்றது, விழவில்லை. ஸ்ட்ரைக்கர் அமலோற்பவத்தின் முன்னால் வந்தது.

கோட்டில் வைத்தாள். நடுவிரலை மடக்கினாள். நின்றது.

மூடினேனா என்று மூன்று தரம் பார்த்த கேஸ், எடுக்காமல் விட்ட மீன், எழுத்துக் கூட்டிப் போட்ட கையெழுத்து, போகாமல் விட்ட கல்யாண வீடுகள், சொல்லாமல் விட்ட பேச்சுகள் எல்லாம் வந்து அந்த விரலின் மேல் உட்கார்ந்தன. கனத்தன. ஜன்னல் கம்பிகளில் பழையபடி ஆட்கள் தொங்குவதையும், அவர்களில் சிலர் எப்போதோ செத்துப்போனவர்கள் என்பதையும் பார்க்காமலேயே தெரிந்துகொண்டாள். எல்லாருடைய மூச்சும் அவள் பிடரியில் பட்டது, சிலருடையது சில்லென்று இருந்தது. ஜெசிந்தா பக்கத்தில் வந்து நின்றாள். முழங்கையின் பக்கம் மகளின் கை வருவது தெரிந்தது.

"தட்டாத" என்றாள் அமலோற்பவம். "என் அடியை நான்தான் அடிக்கணும்."

அடித்தாள்.

ரெட்டைத்தான் குறி வைத்தாள், ரெட்டைத்தான் தொட்டாள். ரெட் சட்டத்தோரமாக வழுக்கிக்கொண்டு தென்கிழக்குக் குழியை நோக்கிப் போய், வாயில் முட்டி, ஒரு சுற்றுச் சுற்றி, நின்றுவிட்டது. ஸ்ட்ரைக்கர் நிற்கவில்லை. அது தெற்குச் சட்டத்தில் பட்டு மேற்கே திரும்பி, அவசரமே இல்லாமல், ஊருக்கே நேரம் கொடுத்துப் போகிறதுபோல் போய், தென்மேற்குக் குழியின் வாயில் நின்ற கடைசி வெள்ளையை மெல்லத் தொட்டது.

டொக்.

அதே குழி. அதே தப்பு. அதே மன்றம். யாரோ ஒருத்தி "ஐயோ" என்றாள். அமலோற்பவம் கண்ணை மூடிக்கொண்டு, அந்த ஒரு வார்த்தை வருகிறதா என்று காத்திருந்தாள்.

எதிர்ப்பக்கம் ஏதோ சொரசொரவென்று உதிர்ந்தது. கண்ணைத் திறந்தாள். கஸ்பாரின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன, காலரிலிருந்தும் காதிலிருந்தும் தலையிலிருந்தும் கல்லறை மணல் போர்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏளா அமலி! மறுபடியுமா? அதே குழிக்குள்ளயேயா? கண்ணு எங்கேளா இருந்துச்சு, பொடதியிலயா?"

"நீங்க மட்டும் கிழிச்சியளாக்கும்!" அவளுக்குக் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தது, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டே கத்தினாள். "முப்பத்தஞ்சு நாளு குறி பாத்து ஒரு காயைத் தொட்டியளா? செத்தும் கை வரல்ல, பேச வந்துட்டாவ!"

மச்சாது முதலில் சிரித்தார், பிறகு தொபியாஸ், பிறகு ஜன்னல், பிறகு தெரு. சிரிப்பு போன இடமெல்லாம் கைகள் விழுந்தன. அருளப்பனின் கத்தி இறங்கியது. அப்போது நாற்காலியில் இருந்தவருக்குக் காதோரம் சின்னக் கீறல், படிகாரம் தேய்த்தார்கள், நின்றது. டீக்கயிறு டம்ளருக்கு வெளியே விழுந்தது. லாஞ்சுகள் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு தெற்கே போக வேண்டியவை கிழக்கேயும் கிழக்கே போக வேண்டியவை தெற்கேயும் போயின. கோயிலில் ததேயு சாமி "ஆகவே" என்று சொல்லிவிட்டு, பிறகு என்னவென்று மறந்துபோய், "சரி, எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார். அன்று சாயங்காலம் மணியாங்கரையில் ஒரு வீட்டிலும் குழம்பில் உப்புச் சரியாக இல்லை, எல்லா வீட்டிலும் இரண்டாம் தரம் சோறு கேட்டார்கள். ஜெசிந்தா மருந்துப் பெட்டியைத் திறந்து ஐஸ் உருகாமல் இருக்கிறதா என்று பார்த்தாள், உருகவில்லை. வெயில் இறங்குவதற்குள் வீடு வீடாகப் போனாள். முப்பத்திரண்டு பிள்ளைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வீறிட்டு அழுத சத்தம் தெருத்தெருவாக நகர்ந்து போனது.

சிரித்து ஓய்ந்து முந்தானையை இறக்கியபோது, தெற்கு ஸ்டூலில் ஆள் இல்லை. ஈர மணல் மட்டும் ஒரு குவியலாக இருந்தது. தூக்கிலிருந்த டீ குறைந்திருந்தது.

மச்சாது குழிக்குள் விழுந்த கடைசி வெள்ளையை எடுத்து வெளியே வைத்தார். "போர்டு எங்களுக்கு" என்றார். "மைனி, வீட்ல கொண்டுபோய் விடட்டுமா?"

"ஆட்டம் முடிஞ்சிட்டா?"

"ஒரு போர்டுதானே போயிருக்கு."

"அப்போ காயை அடுக்குங்க."

காய்கள் இப்போது கைக்கு வந்தன. தொபியாஸ் ரெட்டை நடுவில் வைத்து வெள்ளையும் கறுப்பும் மாற்றி மாற்றி அடுக்கினார். மச்சாது போர்டில் விழுந்த மணலைத் துடைக்கத் துணியை எடுத்தார், அமலோற்பவம் வேண்டாம் என்று தலையசைத்தாள். முதல் அடி அவளுடையது. அடித்தாள், காய்கள் சிதறின, ஒன்றும் விழவில்லை. மச்சாது அடித்தார். அடுத்த முறை, தெற்கு ஸ்டூலின் முறை.

இரண்டு பேரும் அவளைப் பார்க்காமல் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அமலோற்பவம் எழுந்தாள். மாறிப்போட்ட செருப்பு கதவோரம் கிடந்தது, வெறுங்காலோடு போர்டைச் சுற்றிக்கொண்டு போனாள். கஸ்பார் ஒவ்வொரு சாயங்காலமும் நடந்த நடை, நாலே எட்டுதான். மணலை ஒதுக்காமல் அதன் மேலேயே உட்கார்ந்தாள், சில்லென்று இருந்தது. ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்து, விரலை மடக்கி, நிமிர்ந்தாள்.

எதிரே, பல்பு வெளிச்சத்தில், வடக்கு ஸ்டூல் காலியாக இருந்தது. அங்கிருந்து பார்த்தால் அது எப்படி இருக்கும் என்று பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் அவள் வந்து பார்த்ததில்லை. குத்திக்காட்டுகிற ஸ்டூல்போல் அது இல்லவே இல்லை. இப்போதுதான் எழுந்துபோன, இந்தா திரும்பி வந்துவிடுகிற ஒருத்தியின் ஸ்டூல்போல் இருந்தது.

கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மைனி, நீங்களும் குறி பாக்க ஆரம்பிச்சிட்டியளா?" என்றார் தொபியாஸ். "டீ குடிச்சிட்டு வரட்டுமா?"

"இரிங்க" என்று சொல்லிவிட்டு, அடித்தாள்.